தளம் தானாக நிற்க எத்தனை நாள் ஆகும்?



கெப்பாலா பத்தாசிலிருந்து பெர்தாம் பக்கம் போகும்போது பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். புதிய வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒரே ஒரு வீட்டைக் கவனமாகப் பாருங்கள். மேல்தளத்திற்குக் கான்கிரீட் போட்டாயிற்று. தொழிலாளர்கள் அதன்மேல் நடக்கிறார்கள், கம்பிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தளம் கல்லாக இறுகிவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் கீழே எட்டிப் பார்த்தால் உள்ளே நுழையவே இடமில்லாதபடி இரும்பு முட்டுக்கால்கள் காடு மாதிரி நிற்கும். அவற்றின் மேல் பலகைகள், பலகைகளின் மேல் தளம்.

மேலே நடக்க முடிகிறதென்றால் கீழே முட்டுக்கால் எதற்கு? அதை என்றைக்கு எடுக்கலாம்? இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னதால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கான்கிரீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

'கான்கிரீட் எப்படிக் கெட்டியாகிறது?' என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலோர் சட்டென்று சொல்லும் பதில் 'காய்ந்துவிடுகிறது சார்' என்பதுதான். சேறு காய்கிறது, துணி காய்கிறது, ஆகவே கான்கிரீட்டும் காய்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பினாங்குப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் கடலுக்குள் நிற்கிறது. காய்ந்தால்தான் கெட்டியாகும் என்றால், கடல்நீரில் முங்கி நிற்கும் பகுதி இன்றுவரை குழம்பாக அல்லவா இருக்க வேண்டும்?

கான்கிரீட் காய்வதில்லை, நீரோடு வினைபுரிகிறது. சிமெண்டுத் தூள் தண்ணீரைத் தன்னுள் வாங்கிப் புதிய பொருள்களாக மாறுகிறது. இந்த வேதிவினைக்கு நீரேற்றம் என்று பெயர். தண்ணீர் போய்விடுவதால் அது இறுகவில்லை, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுவதால் இறுகுகிறது. சீக்கிரம் காயவிட்டால் வினை பாதியில் நின்றுபோகும், கான்கிரீட் நோஞ்சானாகிவிடும். அதனால்தான் புதிய தளத்தின்மேல் ஈரச் சாக்கு விரிக்கிறார்கள், தண்ணீர் கட்டி வைக்கிறார்கள், அல்லது நெகிழித் தாளால் மூடிவிடுகிறார்கள்.

சிமெண்டு எங்கிருந்து வருகிறது? லங்காவியின் தெலுக் ஏவாவிலும் பேராக்கில் கந்தானிலும் ஆலைகள் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் சுண்ணாம்புக்கல் மலைகள் பக்கத்திலேயே உள்ளன. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் என்ற கருத்த உருண்டைகள் கிடைக்கும். அதோடு சிறிது ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்ததுதான் சிமெண்டு.

அந்த மாவில் முக்கியமாக நான்கு சேர்மங்கள் உண்டு. நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. முதலாவது டிரைகால்சியம் சிலிகேட், சுருக்கமாக ஆலைட். சிமெண்டில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது டைகால்சியம் சிலிகேட், அதாவது பெலைட். ஆலைட் அவசரக்காரன், முதல் சில நாள்களில் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் அவன் உழைப்பு. பெலைட் நிதானமானவன், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலிமை சேர்ப்பான். இருவரும் தண்ணீரோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள் ஒன்றுதான்: கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற நுண்ணிய பசை. மணலையும் சரளைக் கல்லையும் ஒன்றோடொன்று பிடித்து வைப்பது இந்தப் பசையே. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிவரும். ஈரக் கான்கிரீட் கையில் பட்டால் தோல் எரிவதற்கு அந்தக் காரத்தன்மைதான் காரணம்.

இந்த வினை ஒரே வேகத்தில் நடப்பதில்லை. தண்ணீர் பட்ட முதல் சில நிமிடங்களில் ஒரு பரபரப்பு; கொஞ்சம் வெப்பம் வெளிவரும். ஜிப்சம் இல்லாவிட்டால் அப்போதே எல்லாம் இறுகிப்போயிருக்கும். அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரம் கான்கிரீட் தூங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. சாலையில் சுழன்றுகொண்டே போகும் கலவை லாரி இந்தத் தூக்க நேரத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. வழியில் நெரிசலில் லாரி மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் ஏன் தவிக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

தூக்கம் கலைந்ததும் ஆலைட் முழு வேகத்தில் வினைபுரியத் தொடங்கும். கான்கிரீட் முதலில் விறைக்கும், பிறகு இறுகும், சூடேறும். ஆனால் இறுகுவது வேறு, வலிமை பெறுவது வேறு. காலையில் போட்ட தளம் மறுநாள் காலையில் காலடித் தடம் பதியாத அளவுக்கு இறுகியிருக்கும். அதன் வலிமையோ, பெறவேண்டியதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது.

பொறியாளர்கள் மனத்தில் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் செய்த கான்கிரீட், 28ஆம் நாளில் பெறும் வலிமையை நூறு என்று வைத்துக்கொண்டால், முதல் நாளில் 16, மூன்றாம் நாளில் 40, ஏழாம் நாளில் 65, பதினான்காம் நாளில் 90 என்று ஏறும். வரைபடத்தாளில் இதை வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல மெல்லப் படுத்துவிடும். 28ஆம் நாளுக்குப் பிறகும் ஏற்றம் நிற்பதில்லை. பெலைட் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டேதான் இருப்பான். ஆனால் எங்காவது ஒரு நாளைக் குறித்து அளக்க வேண்டுமே, அதற்காக 28.

அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள்? கான்கிரீட் போடும்போதே 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுர அச்சுகளில் கொஞ்சம் நிரப்பி வைப்பார்கள். பிறகு அந்தக் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் 28ஆம் நாளும் அழுத்தும் பொறியில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். 'தரம் 30' என்ற கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும். கட்டியின் ஒரு முகம் 150 × 150 = 22,500 சதுர மில்லிமீட்டர். ஆக 6,75,000 நியூட்டன். ஏறத்தாழ 69 டன் எடை. ஒரு மைவி கார் சுமார் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கையால் தூக்கக்கூடிய அந்தச் சின்னக் கட்டியின்மேல் 69 மைவிகளை அடுக்கலாம். அதே கட்டி முதல் நாளில் பத்துப் பதினொரு மைவிகளுக்கே நொறுங்கிவிடும்.

'பதினொரு கார் தாங்குமே, அது போதாதா?' என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டியை நாம் அழுத்தினோம். தளமோ வளைகிறது. ஓர் அழிப்பானை இரண்டு முனையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் இழுபடும். தளத்தின் அடிப்பகுதி அப்படித்தான் இழுபடுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் பயில்வான், இழுவையைத் தாங்குவதில் அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதனால்தான் அடியில் கம்பி போடுகிறோம். ஆனால் கம்பியைக் கான்கிரீட் இறுகப் பற்றியிருந்தால்தானே இழுவை கம்பிக்குப் போகும்? அந்தப் பிடிப்பும் நாள்பட நாள்படத்தான் வரும். பிடிப்பு வராத தளத்தில் கம்பி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

எடையையும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் அறை. 150 மில்லிமீட்டர் தடிமன் தளம். கன அளவு 1.8 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. ஆக 4,320 கிலோ. யாரும் மேலே ஏறாவிட்டாலும், ஒரு நாற்காலிகூடப் போடாவிட்டாலும், நான்கு டன்னுக்கு மேல் அந்தரத்தில் தொங்குகிறது. முட்டுக்காலை எடுக்கும் அந்த நொடியில் இந்தச் சுமை முழுவதும், நேற்றுப் பிறந்த தளத்தின் தோளில் ஏறும்.

அச்சுப்பலகையைத் தமிழ்நாட்டில் சென்ட்ரிங் என்பார்கள். இங்கே மலாயில் அச்சுவான். குவே செய்யும் அச்சுக்கும் அதே பெயர்தான். நம் 'அச்சு' அதற்குள் ஒலிப்பதைக் கேளுங்கள். குவேயை அவசரப்பட்டு அச்சிலிருந்து எடுத்தால் என்ன ஆகுமென்று உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. தூணின் பக்கவாட்டுப் பலகை, சுவரின் பலகை, உத்திரத்தின் பக்கப் பலகை ஆகியவை ஈரக் கான்கிரீட் வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. இறுகிவிட்டால் அவற்றின் வேலை முடிந்தது. அடிப்பலகையும் முட்டுக்காலும் அப்படியல்ல. இந்தியாவின் ஐ.எஸ். 456 என்ற தர விதி (2000ஆம் ஆண்டுப் பதிப்பு), குளிர் 15 பாகைக்குக் கீழே இறங்காத இடத்தில் சாதாரண சிமெண்டுக்கு இப்படிச் சொல்கிறது: பக்கவாட்டுப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். தளத்தின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் முட்டுக்காலை உடனே திரும்ப நிறுத்திவிட வேண்டும். முட்டுக்காலையே எடுப்பதென்றால், 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்திற்கு 7 நாள், அதற்கு மேலென்றால் 14 நாள். உத்திரத்திற்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. பலகையை எடுக்கும்போது கான்கிரீட்டில் எவ்வளவு தகைவு வரப்போகிறதோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வலிமையை அது அப்போது பெற்றிருக்க வேண்டும் என்கிறது அந்த வரி. நாள்காட்டியை அது குறிப்பிடவே இல்லை. வலிமையைத்தான் கேட்கிறது. நாள்கணக்கு என்பது வலிமையை ஊகிப்பதற்கான ஒரு வழி மட்டுமே. ஊகம் பொய்த்தால்?

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில், வில்லோ ஐலண்ட் என்ற ஊர். 1978ஆம் ஆண்டு. அங்கே ஒரு மின்நிலையத்திற்காகக் குளிரூட்டும் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு சிறுத்த, உடுக்கையைப் போன்ற பெரிய கான்கிரீட் கோபுரத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதுதான். தரையிலிருந்து சாரம் கட்டி அவ்வளவு உயரத்துக்குப் போக முடியாது. ஆகவே சாரத்தையும் அச்சுப்பலகையையும் கோபுரத்தின் சுவரிலேயே மாட்டிவிடுவார்கள். ஒரு நாளில் சுமார் 1.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளையம் கான்கிரீட். மறுநாள் சாரத்தை மேலே ஏற்றி, நேற்றைய வளையத்தில் மாட்டி, அடுத்த வளையம். முட்டுக்காலே இல்லாத வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்; நேற்றுப் போட்ட கான்கிரீட்தான் இன்றைய தொழிலாளர்களைத் தாங்குகிறது.

ஏப்ரல் 27 காலை. 28 வளையங்கள் முடிந்திருந்தன. சுமார் 51 மீட்டர் உயரத்தில் 29ஆவது வளையத்திற்குக் கான்கிரீட்டை வாளி வாளியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி தாண்டிய சிறிது நேரத்தில், முந்தைய நாள் போட்ட 28ஆவது வளையம் ஓரிடத்தில் பிய்ந்தது. அங்கே தொங்கிய சாரம் பக்கத்துச் சாரத்தை இழுத்தது, அது அடுத்ததை. நூல் பிரிந்த தையலைப் போல் கோபுரத்தைச் சுற்றி வந்து மொத்தச் சாரமும் விழுந்தது. அதிலிருந்த 51 பேரும் இறந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலரும் அவர்களுள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகம் விசாரித்தது. அவர்கள் செய்ததைக் கவனியுங்கள், நம் ஆய்வுக்கூடப் பாடம் போலவே இருக்கும். அதே சிமெண்டு, அதே கல் கொண்டு அதே கலவையைச் செய்தார்கள். அந்த இரவில் வில்லோ ஐலண்டில் இருந்த குளிரை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, அதில் கான்கிரீட்டை வைத்தார்கள். அதே வயது வந்ததும் நசுக்கிப் பார்த்தார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1.5 நியூட்டன். சாரத்தைத் தாங்கக் குறைந்தது 7 நியூட்டன் அளவுக்காவது தேவைப்பட்டிருக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. கான்கிரீட்டின் வயது ஏறத்தாழ 20 மணி நேரம். அந்த நேரத்தில் வெளியே 10 பாகைக்கும் குறைவான குளிர்.

கலவையில் குறை என்றோ, கம்பியில் குறை என்றோ கைகாட்ட வேண்டியதே இல்லை. 'ஒரு நாளுக்கு ஒரு வளையம்' என்ற வழக்கம் முன்பெல்லாம் சரியாக வந்தது. கான்கிரீட்டுக்கு நாள் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது வெப்பமும் நேரமும்தான்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தில் 1949இல் நர்ஸ் என்பவரும் 1951இல் சால் என்பவரும் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. இதற்கு முதிர்ச்சிக் கணக்கு என்று பெயர் வைக்கலாம். மைனஸ் 10 பாகையில் கான்கிரீட்டின் வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று கொள்ள வேண்டும். அதற்கு மேல் எத்தனை பாகை இருக்கிறதோ அதை மணி நேரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் பலவீனமான மாணவருக்கும் வரும்.

கெப்பாலா பத்தாசில் இரவும் பகலும் சேர்த்துச் சராசரி 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். 28 கூட்டல் 10, ஆக 38. 24 மணி நேரத்தால் பெருக்கினால் 912. 20 பாகை ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளுக்கு 30 × 24 = 720. ஆகவே நம் ஊரில் ஒரு நாள், ஆய்வுக்கூடத்தின் 30 மணி நேரத்துக்குச் சமம். வில்லோ ஐலண்டில் 8 பாகை இருந்ததாக வைத்துக்கொண்டு பார்ப்போம்: 18 × 20 = 360. அதை நம் ஊரின் 38ஆல் வகுத்தால் ஒன்பதரை மணி நேரம். அந்த 20 மணி நேரக் கான்கிரீட், நம் ஊரில் காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஐந்தரைக்குள் எடுத்த கான்கிரீட்டைப் போன்றது. அதன்மேல் ஐம்பது பேர் நின்றார்கள். இப்போது மனத்தில் தைக்கிறது அல்லவா?

அப்படியானால் வெயில் நாட்டுக்காரர்களான நாம் தப்பித்தோமா? பாதிதான். சூடு தொடக்க வலிமையைச் சீக்கிரம் கொடுக்கும், உண்மை. ஆனால் மிகுந்த சூட்டில் அவசரமாக உருவாகும் பசை ஒழுங்காகப் பரவுவதில்லை. 28ஆம் நாளில் பார்த்தால், நிதானமாக வளர்ந்த கான்கிரீட்டைவிட வலிமை சற்றுக் குறைந்திருக்கும். மேலும் நண்பகல் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்புத் தண்ணீர் ஆவியாகி, வினை அங்கே நின்று, வெடிப்பு விடும். சாயங்கால மழையோ வேறு தொல்லை. புதுக் கான்கிரீட்டின் மேல் கொட்டினால் மேற்பரப்பில் தண்ணீர் விகிதம் கூடிவிடும்.

தண்ணீர் விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலவை கெட்டியாக இருக்கிறது, பரப்பக் கஷ்டமாக இருக்கிறது என்று சிலர் குழாயை எடுத்துத் தண்ணீர் விடுவார்கள். வேலை சுலபமாகும். ஆனால் சிமெண்டு வினைபுரிய எடுத்துக்கொண்டது போக மீந்த தண்ணீர், உள்ளே நுண்துளைகளாக இடம்பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்று அமெரிக்கரான டஃப் ஏப்ராம்ஸ் 1918லேயே காட்டிவிட்டார். குழாய்த் தண்ணீர் விட்ட தளத்துக்கு ஏழு நாள் கணக்கு பொருந்தாது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் அப்படியே பொருந்தாது. அது நல்ல சிமெண்டுதான், நாள் கழித்து நல்ல வலிமையும் தரும், ஆனால் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வளரும். விதிப்புத்தகத்தின் எண்ணைப் பார்க்கும்முன் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு விபத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மாடிக் கட்டடங்களின் கதை. 1973 மார்ச் 2, அமெரிக்காவில் வர்ஜீனியாவின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடம். ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடியில் 24ஆவது தளத்திற்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். 23ஆவது தளத்தின் அடியிலிருந்த முட்டுக்கால்களை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். 23ஆவது தளத்தில் தூண்கள் குத்தித் துளைத்துக்கொண்டு வர, அது கீழே விழுந்தது. விழுந்த தளம் அடுத்த தளத்தை உடைத்தது, அது அதற்கடுத்ததை. கட்டடத்தின் நடுவே மேலிருந்து அடிவரை ஒரு பிளவு. 14 பேர் இறந்தார்கள்.

இதன் காரணத்தை நம் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். 150 மில்லிமீட்டர் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ என்று மேலே உள்ள எண்களிலிருந்து வருகிறது. புதிதாகப் போடும் தளம் தன்னைத் தாங்காது. அதன் எடை முழுவதும் முட்டுக்கால் வழியாகக் கீழ்த்தளத்தில் இறங்கும். கீழ்த்தளம் எவ்வளவுக்காக வடிவமைக்கப்பட்டது? குடியிருப்பு என்றால், மனிதர், நாற்காலி, அலமாரி எல்லாவற்றுக்குமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. முழு வலிமை பெற்ற பிறகே தாங்க வேண்டிய சுமையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பிறந்து சில நாளே ஆன தளத்தில் ஏறுகிறது! ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் தாங்கும் மிகப் பெரிய சுமை, பலசமயம், அது கட்டப்படும்போதே வந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு தளம் போடும்போது கீழே ஒரு மாடிக்கு மட்டும் முட்டுக்கால் போதாது. இரண்டு மூன்று மாடிகளுக்குத் தொடர்ந்து நிறுத்திச் சுமையைப் பகிர்ந்துகொடுக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் கொம்தாரை அண்ணாந்து பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக்கால்களின் நிலைத்தன்மை தனிப் பாடம். இங்கே முழுதாகச் சொல்ல இடமில்லை. நம் நாட்டின் 1986ஆம் ஆண்டுக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள், 9 மீட்டரைத் தாண்டும் தாங்கு சாரத்தைப் பதிவுபெற்ற பொறியாளரே வடிவமைக்க வேண்டும் என்றன. கட்டி முடிந்த பாலத்தைவிடக் கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் கீழேதான் ஆபத்து அதிகம். 2013 ஜூன் 6 அன்று பத்து மாவுங்கில், இரண்டாம் பாலத்திற்காகக் கட்டிவந்த ஏறுசாலை சரிந்து விழுந்ததில் காரில் போன ஒருவர் உயிரிழந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

எடுக்கும் முறையிலும் அறிவியல் உண்டு. ஒரு புதிர் போடுகிறேன். இரண்டு சுவர்களுக்கிடையே ஒரு தளம். கீழே பத்து வரிசை முட்டுக்கால். எங்கிருந்து எடுக்கத் தொடங்குவீர்கள்? சுவரோரமாக எடுத்துக்கொண்டு வந்து நடுவில் முடிப்பதுதான் எளிது என்று தோன்றும். அப்படிச் செய்தால் கடைசியில் நடுவில் ஒரே வரிசை நிற்கும். தளம் அந்த வரிசையின்மேல், விளையாட்டுத் திடலின் ஏற்ற இறக்கப் பலகையைப் போல உட்காரும், மேல்பகுதி இழுபடும். கம்பியோ அங்கே அடியில் இருக்கிறது! ஆகவே நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிப் போக வேண்டும். வீட்டு முகப்பில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூரைத்தளத்தில் நேர்மாறு. அதன் கம்பி மேல்பகுதியில் இருக்கிறது. அங்கே நுனியிலிருந்து தொடங்கிச் சுவர்ப் பக்கம் வர வேண்டும். ஏனென்று நீங்களே வரைந்து பாருங்கள், அழிப்பான் உதவும்.

சரி, தளத்துக்குள் இப்போது எவ்வளவு வலிமை இருக்கிறது என்று உடைக்காமல் எப்படி அறிவது? தண்ணீர்த் தொட்டியில் சுகமாக ஊறிய கட்டி, வெயிலில் கிடந்த தளத்தைப் பற்றிச் சரியாகச் சொல்லாது. அதனால் பலகை எடுப்பதை முடிவு செய்ய, தனியாகச் சில கட்டிகளைத் தளத்தின் பக்கத்திலேயே, அதே வெயில் மழையில் வைத்து நசுக்குவார்கள். மேற்பரப்பில் அழுத்தினால் துள்ளித் திரும்பும் சுத்தியல் ஒன்று உண்டு. அது துள்ளும் அளவைக் கொண்டு ஊகிக்கலாம். இப்போது கான்கிரீட்டுக்குள்ளேயே சிறு வெப்ப உணரியைப் புதைத்து, நர்ஸ், சால் கணக்கைக் கருவியே போட்டுக் கைப்பேசிக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அவசரப்படுகிறார்கள் என்றால், பலகைக்கும் முட்டுக்காலுக்கும் நாள் வாடகை ஓடுகிறது. இந்த வீட்டில் எடுத்தால்தான் அடுத்த வீட்டில் மாட்டலாம். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவசரம் வேண்டுமென்றால் அதற்கும் நேர்வழிகள் இருக்கின்றன: தண்ணீரைக் குறைத்த, சிமெண்டு கூடிய கலவை, நைசாக அரைத்த சிமெண்டு, முன்வார்ப்புத் தொழிற்சாலைகளில் நீராவி. நீராவியில் வைத்த கான்கிரீட்டை மறுநாளே அச்சிலிருந்து எடுத்துவிடலாம். 2014இல் திறந்த இரண்டாம் பினாங்குப் பாலத்தின் மேல்பகுதி, தனித்தனிப் பெட்டித் துண்டுகளாக முன்பே வார்த்துக் கொண்டுவந்து கோத்தது. கான்கிரீட்டின் பலவீனமான முதல் நாள்கள் கடலுக்கு மேல் கழியவில்லை, தரையில் கழிந்தன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆசிரியர் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல், அளந்த தண்ணீர் கலந்து, ஒரே அளவான காலிப் பால் பெட்டிகளில் மெல்லிய பட்டைகளாக ஒன்பது வாருங்கள். மறுநாள் எடுத்து, மூன்றை வெயிலில், மூன்றை ஈரத் துணியில் சுற்றி நிழலில், மூன்றைக் குளிர்பதனப் பெட்டியில் நெகிழிப் பையில் வையுங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் ஒவ்வொரு குழுவிலும் ஒன்றை எடுத்து, இரண்டு செங்கல்லுக்குக் குறுக்கே வைத்து, நடுவில் வாளியைக் கட்டி, உடையும்வரை மணலை ஊற்றி எடை பாருங்கள். வாளி தரைக்கு ஒரு சாண் உயரத்திலேயே தொங்கட்டும், காலை அடியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் முதிர்ச்சிக் கணக்கையும் போட்டு வரைபடத்தில் எடைக்கு எதிரே குறியுங்கள். நிழலில் இருந்ததும் குளிர்பதனப் பெட்டியில் இருந்ததும் ஒரே கோட்டில் வந்து விழுகின்றனவா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த பட்டை அந்தக் கோட்டை விட்டு எங்கே விலகுகிறது என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.